ஏமாறுகிறவனை எழுதுவது

பெண் ஒருத்தி ஏமாற்றிப் பழிவாங்கும் திகில் கதை எழுத வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் முதலில் அவளைச் செதுக்கத்தான் உட்காருவோம். அழகு, சாமர்த்தியம், நாலு பாஷை, அஞ்சு பெயர், கைப்பை நிறைய சிம் கார்டு. இதெல்லாம் அட்டைப்படத்துக்கு உதவும். கதை வாசகரைப் பிடித்து உட்காரவைப்பது ஏமாறுகிறவனை வைத்துத்தான் என்பது என் கட்சி. அவளைப் பற்றி அவன் முன்கூட்டியே என்ன முடிவு கட்டி வைத்திருக்கிறான், அந்த முடிவை அவள் எவ்வளவு குறைந்த உழைப்பில் பயன்படுத்திக்கொள்கிறாள், அதே முடிவு படிக்கிறவர் மனசுக்குள்ளும் ஓசைப்படாமல் உட்கார்ந்திருந்ததா என்பதையெல்லாம் தீர்மானித்த பிறகுதான் நான் அவளுக்குப் பெயரே வைப்பேன்.

இதற்கு நம்மிடமே பழைய உதாரணம் இருக்கிறது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி முழுதாக நம் கைக்கு வரவில்லை. சில பாடல்களே மிஞ்சின. கதை மட்டும் நீலகேசி உரை வழியாகவும் பௌத்த மரபு வழியாகவும் தப்பிவிட்டது. கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் கள்வன் ஒருவனைப் பார்த்துப் பத்திரை ஆசைப்படுகிறாள். தகப்பன் அவனை மீட்டுக் கட்டிவைக்கிறார். ஊடலில் ஒருநாள் ‘நீ கள்வன்தானே’ என்று அவள் சொன்னதை அவன் மனசில் வைத்துக்கொண்டு, மலை உச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப்போவதாகச் சொல்கிறான். சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வந்து கும்பிட வேண்டும் என்கிறாள். அவன் நிற்கிறான். அவள் முதுகுப்பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள். அவளிடம் ஆயுதம் இல்லை, உடல்பலமும் இல்லை. கொல்ல வந்தவனையே கும்பிட்டுவிட்டுச் சாக விரும்புவாள் மனைவி என்று அவன் நம்பியது ஒன்றுதான் கைவசம் இருந்தது. அந்த வேண்டுகோள் அவனுக்கு விநோதமாகவே படவில்லை பாருங்கள், கதையின் உயிர் அங்கே இருக்கிறது. பழிவாங்கப்படுவதும் அந்த நம்பிக்கைதான், பழிவாங்க உதவுவதும் அதுதான். இதைவிடச் சிக்கனமான ஒரு திருப்பத்தை நான் படித்ததில்லை.

இதே வேலையை ஓர் ஆண் செய்தால் செலவு அதிகம். அலெக்ஸாந்தர் த்யூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ கோமகன்’ 1844 முதல் 1846 வரை பாரிஸ் செய்தித்தாளில் தொடராக வந்தது. சிறையிலிருந்து தப்பிய எட்மண்ட் தான்தே பழிவாங்கத் திரும்புவதற்கு ஒரு தீவுப் புதையலே வேண்டியிருந்தது. பட்டம், மாளிகை, வண்டி, வேலைக்காரர்கள் என்று மேலே ஏறி நின்று கண்ணைக் கூசவைத்து ஏமாற்றுகிறான். பெண்ணுக்கு அந்தச் செலவு கிடையாது. கீழ்ப்படியில் அவளுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் இடத்தில் போய் நின்றால் போதும். 2012-ல் வந்த சுஜய் கோஷின் ‘கஹானி’யில் வித்யா பாலனின் மாறுவேடம் ஒரு கர்ப்பிணி வயிறு. காணாமல்போன கணவனைத் தேடி கொல்கத்தாவுக்கு வந்தவளுக்கு ஊரே வழிவிடுகிறது. உளவுத்துறை அதிகாரியோ அவளைத் தூண்டில் புழுவாக வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறார். 2014-ல் சேகர் கம்முலா நயன்தாராவை வைத்து அதையே தமிழில் ‘நீ எங்கே என் அன்பே’ என்று எடுத்தபோது கர்ப்பத்தை எடுத்துவிட்டார். கதைச் சட்டகம் அப்படியே நிற்கிறது, ஆனால் கடைசித் திருப்பம் தொய்ந்துவிட்டது. அவளைப் பார்த்து யாரும் தவறாக முடிவுகட்ட ஒரு காரணம் இல்லாமல் போனதுதான் குறை.

ஏமாறுகிறவன் முட்டாளாக இருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தன் புத்திசாலித்தனத்தாலேயே ஏமாறுகிறவன்தான் சுவை. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 1941-ல் எடுத்த ‘த லேடி ஈவ்’ இதற்குப் பாடப்புத்தகம். சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் ஜீன், கப்பலில் சந்திக்கும் பணக்கார வாரிசு சார்ல்ஸைக் காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள். அவள் தொழில் தெரிந்ததும் அவன் அவளை அவமானப்படுத்தி உதறுகிறான். பழிவாங்க அவள் ஆங்கிலேயப் பிரபு குடும்பத்துப் பெண்ணாக அவன் வீட்டுக்கே வருகிறாள். அதே முகம், அதே கூந்தல். அவனோடு இருக்கும் ஆள், ‘சத்தியமாக அதே பொம்பளைதான்’ என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறான். சார்ல்ஸ் தர்க்கம் பேசுகிறான்: ஏமாற்ற வருகிறவள் முடிக்குச் சாயமாவது பூசியிருப்பாளே, இவ்வளவு அச்சாக இருப்பதாலேயே இவள் அவளில்லை! ஏமாற்றுக்காரி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அவன் போட்டு வைத்திருக்கும் படம், கண்முன் நிற்கும் ஆளைவிட அவனுக்கு நிஜமாகிவிட்டது. ஜீனாக நடிக்கும் பார்பரா ஸ்டான்விக் வேறு ஏதும் செய்ய வேண்டியதில்லை, உச்சரிப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறார்.

சார்ல்ஸைப் பார்த்து நாம் சிரிக்கலாம், நமக்கு முன்பே தெரியும். வாசகரையும் அவன் பக்கத்தில் உட்காரவைப்பது அடுத்த படி, கஷ்டமான படி. சாரா வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’ (2002) நாவலில் அது நடக்கிறது. (முடிச்சை உடைக்கிறேன் என்று கோபப்படுகிறவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடலாம்.) விக்டோரியா காலத்து லண்டன், திருடர் வீட்டில் வளர்ந்த சூ, மோட் என்ற பணக்காரப் பெண்ணிடம் பணிப்பெண்ணாகச் சேருகிறாள். கூட்டாளி மோடைக் கல்யாணம் செய்துகொண்டு, பைத்தியம் என்று விடுதியில் அடைத்து, சொத்தை எடுத்துக்கொள்வது திட்டம். அந்தக் காலத்தில் இரண்டு மருத்துவர்களின் சான்று இருந்தால் அடைத்துவிடலாம். வந்த மருத்துவர்கள் சூவைத் தனியாகக் கூப்பிட்டு எஜமானியின் நிலைமையை விசாரிக்கிறார்கள். சூ கவலையோடு பதில் சொல்கிறாள். தன்னைப் பணிப்பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனைவி என்று அவர்களிடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருப்பது சூவைப் பற்றித்தான் என்பது அவள் அடைபட்ட பிறகுதான் நமக்குத் தெரியும். திரும்பிப்போய் அந்தப் பக்கங்களைப் படித்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒவ்வொரு பதிலும் இரண்டு அர்த்தத்திலும் நிற்கிறது. பங்களாவில் வளர்ந்த பெண் வெகுளி என்று சூ நினைத்தாள், அவள் கண்ணால் பார்த்த நாமும் நினைத்தோம். எழுதுகிறவருக்கு இதில் வேலை என்னவென்றால், எதையும் மறைக்காமல் வாசகரின் முடிவு அவராகவே மறைத்துக்கொள்ளும்படி விடுவது. தகவலை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுவது திருப்பம் ஆகாது, கஞ்சத்தனம்.

மோசடியைக் கொண்டாடுகிறீர்களே என்று கேட்பவர்கள் உண்டு. வாசகர் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடுவதில்லை. 2022-ல் ஒரு மாதத்துக்குள் இரண்டு நிஜ மோசடிக்காரிகளைப் பற்றித் தொடர்கள் வந்தன. ஜெர்மானிய வாரிசு என்று நியூயார்க் ஹோட்டல்களையும் வங்கிகளையும் ஏமாற்றி 2019-ல் தண்டனை பெற்ற அன்னா சொரோக்கின் பற்றியது ஒன்று. ரத்தப் பரிசோதனைக் கருவி என்று சொல்லி தெரானோஸ் நிறுவனம் நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் பற்றியது இன்னொன்று. அன்னாவைப் பார்த்து அரைச் சிரிப்பு சிரித்தவர்கள் ஹோம்ஸுக்குச் சிரிக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், நீதிமன்றம் ஹோம்ஸைத் தண்டித்தது முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளில் விடுவித்துவிட்டது. பார்வையாளர் மனசு போட்ட கணக்கு வேறு. தப்பான பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நோயாளி யாரையும் குறைத்து எடைபோட்டவர் இல்லை. ஏமாந்தவன் யார் என்பதில்தான் அனுதாபம் கைமாறுகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பெண்ணை நம்பாதே என்ற பழைய சந்தேகத்துக்கு இந்தக் கதைகள் எண்ணெய் ஊற்றவில்லையா? ஊற்றுகின்றன, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளியைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபையில் அழுகிறாள். அவனுக்குக் காப்பாக இருந்த வாளைப் பெரியவர்களே வாங்கி வைத்துவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு அழும் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்ற அவர்கள் நம்பிக்கையில் அவள் பழி நிறைவேறுகிறது. ஆனால் அவள் கொலையுண்ட மனைவி என்பது ஊருக்கு மறந்துபோய், கண்ணீர் மட்டும் வசைச்சொல்லாக நின்றுவிட்டது. ஜில்லியன் ஃபிளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) இன்னும் சிக்கல். அதில் ஏமி எடுக்கும் ஆயுதங்களில் பொய்யான பாலியல் புகாரும் உண்டு, அதைப் பற்றி வந்த கண்டனம் நியாயமானதே. ஏமியின் போலி நாட்குறிப்பை ரசித்துப் படித்த எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது. அங்கே அவள் பயன்படுத்துவது ஆணின் மிதப்பை அல்ல, வேறு பெண்கள் பெரும்பாடுபட்டுச் சம்பாதித்த நம்பிக்கையை. எமரால்ட் ஃபென்னலின் ‘ப்ராமிசிங் யங் உமன்’ (2020) இந்தக் குழியில் விழாமல் தப்புகிறது. காஸி மதுக்கூடத்தில் போதையில் இருப்பதுபோல் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிப்போகும் நல்ல பையன்கள் தாங்களாகவே மீதியைச் செய்கிறார்கள்.

பழி தீர்ந்த பின் அவளை என்ன செய்வது என்பதில்தான் எழுதுகிறவர்கள் பலரும் தடுக்கி விழுகிறோம். பழைய ஹாலிவுட்டில் குற்றம் செய்தவள் தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்று தணிக்கை விதி இருந்தது. விதி போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஃபென்னல் காஸியைச் சாகடித்துவிட்டு, அவள் முன்பே நேரம் குறித்து வைத்த குறுஞ்செய்திகளால் கணக்கை முடிக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், இருந்தாலும் அவளை உயிரோடு வைத்துக்கொள்ளத் தெரியாத கெட்டிக்காரத்தனம். ‘ஃபிங்கர்ஸ்மித்’ மோடுக்கு ஒரு தொழில் கொடுக்கிறது: மாமா அவளைச் சிறுவயதிலிருந்து வாசிக்கவைத்துக் கொடுமைப்படுத்திய அதே ஆபாசப் புத்தக வகையை அவளே எழுதி விற்றுச் சம்பாதிக்கிறாள். ஏமாற்றி முடித்த பெண்ணுக்கு மறுமாத வாடகையும் உண்டு என்று யோசித்த ஆசிரியர்கள் வெகு சிலர்.