லட்டு என்ன தப்பு செய்தது?

தீபாவளிக்கு மறுநாள். திருச்சியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்திருந்தது. அதிரசம், முறுக்கு, ரவா லட்டு. 12 வயது மகள் ஒரு லட்டை எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனவள் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஏன்டி, உனக்குப் பிடிக்குமே?"

"வேணாம்மா. சாப்பிட்டா நாளைக்குப் பட்டினி கிடக்கணும்."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அது அவர் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கு வயது 43. வங்கியில் வேலை. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. அந்த மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. 'இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது' என்றார் டாக்டர்.

எடையைக் குறைக்க அவர் முயலாமல் இல்லை. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், கொள்ளு ரசம், சோறே தொடாத பத்து நாள், ராத்திரி வெறும் பழம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஜனவரியில் 4 கிலோ இறங்கும். மார்ச்சில் 5 கிலோ ஏறும். இடையில் ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டே மைசூர்பாகு சாப்பிடுவார். "எனக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

லட்டைத் திருப்பி வைத்த மகளைப் பார்த்த பிறகுதான், உணவு ஆலோசகர் ஒருவரிடம் போனார். அந்த அம்மா முதலில் எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. ஒரு பழைய கதையைச் சொன்னார்.

1944-45ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார்கள். அவர்களாகவே முன்வந்து சேர்ந்தவர்கள். ஆன்சல் கீஸ் என்பவர் நடத்திய ஆராய்ச்சி அது. நாள் போகப் போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டுப்பாடு முடிந்த பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்கவில்லை.

"பட்டினி போட்ட உடம்பு சாப்பாட்டைத்தான் தேடும். அது உங்க மனசோட பலவீனம் இல்லம்மா" என்றார் ஆலோசகர்.

பிறகு ஒரு வேலை கொடுத்தார். எதையும் மாற்ற வேண்டாம், ஒரு வாரம் எழுதி மட்டும் வாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, பசித்ததா இல்லையா?

நோட்டு உண்மையைச் சொன்னது. காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் நின்றுகொண்டே ஒரு இட்லி. மதியம் 'டயட்' என்று அரை டப்பா சோறு. ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் மிக்சர் டப்பா. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததெல்லாம் வீணாகக் கூடாது என்று இவர் வாயில். நாலு வேளை காபி, வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 40 கிராம். பசித்தபோது சாப்பிடவில்லை, சாப்பிட்டபோது பல நேரம் பசியில்லை. செரித்தது தெரிந்து, பசித்த பின் சாப்பிடு என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் சொன்னதற்கு நேர் எதிர்.

மாற்றங்கள் சின்னவைதான். காலையில் உட்கார்ந்து மூன்று இட்லி, சாம்பார். மதியத் தட்டில் பாதி காய்கறி, மீதியில் சோறும் பருப்பும். வீட்டுக்குப் போகும் முன்பே நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். காபி இரண்டு, சர்க்கரை ஒரு ஸ்பூன். தினமும் அரை மணி நேர நடை. அம்மாவுக்கென்று தனிச் சமையல் கிடையாது. வீட்டுக்கே ஒரே சமையல். இனிப்பு வந்தால் ஒன்று, தட்டில் வைத்து, உட்கார்ந்து, ருசித்து. எடை பார்ப்பது ஞாயிறு காலை மட்டும்.

இன்னொன்றும் சேர்ந்தது. 'தப்பு பண்ணிட்டேன்', 'குண்டாயிடுவேன்', 'பட்டினி' என்ற மூன்று சொற்களும் சாப்பாட்டு மேஜையில் வரக் கூடாது.

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணம். இரண்டு நாள் பந்தி. ஞாயிறு எடை 1 கிலோ கூடியிருந்தது. பழைய ஆளாக இருந்தால் திங்கள்கிழமை பட்டினிதான். இந்த முறை வழக்கம்போல மூன்று இட்லி. அடுத்த ஞாயிறு அந்த ஒரு கிலோ காணோம். கூடியதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த தண்ணீர்தான்.

ஆறு மாதத்தில் 5 கிலோ குறைந்தது. "இவ்வளவுதானா?" என்றார் மாமியார். ஆனால் இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது என்கிறது மருத்துவம். அவருடைய சர்க்கரை 5.8க்கு வந்தது. வாசலில் நின்றது இன்னும் படியிறங்கவில்லை, ஆனால் ஓரடி பின்னால் போயிருக்கிறது.

(சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.)

ஆடிப்பெருக்கு அன்று குடும்பத்தோடு காவிரிக்கரைக்குப் போனார்கள். புளியோதரை, தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல். மகள் தட்டை நீட்டினாள்.

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி பொங்கல்."

"பசிக்குதா?"

"இல்லம்மா, நல்லாயிருக்கு."

"அப்ப சாப்பிடு" என்று பரிமாறிவிட்டு, தன் தட்டிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டார். நாளைக்கு என்ன என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை.