எந்த 'மூளை' நல்ல மூளை? கோவைப் பட்டறையில் ஒரு பஞ்சாயத்து!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவை போத்தனூரைத் தாண்டி செட்டிபாளையம் பக்கம் போகிறவர்களுக்கு, ரேஸ் டிராக் கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து கிறீச்சிட்டு ஏறி, சட்டென்று அடங்கி, மறுபடியும் ஏறும் சத்தம். டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது பழகிய சத்தம்.

2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அது. ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். பெயரில் இருக்கும் 'கரி', கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த கார் ரேஸ் மற்றவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று, 1988-ல் மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ரேஸ் காரை உருவாக்கியவர். வெறும் 796 சி.சி., மூன்றே சிலிண்டர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காரின் இன்ஜின்! பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய வேகத்தை எடுக்கும் ஆசை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

அந்த ஆசை, கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் 26 வயது இளைஞரையும் பிடித்துக்கொண்டது. பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்கினார். அதன் 1.3 லிட்டர் இன்ஜினில் கேம்ஷாஃப்ட்டை மாற்றினார். கம்ப்ரஷனை ஏற்றினார். சிலிண்டருக்கு ஒன்றாக, பைக்கிலிருந்து எடுத்த நான்கு த்ராட்டில் பாடிகளை மாட்டினார். கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை. மூன்றாவது முறை டிராக்கில் இறங்கியபோது ஒரு பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. ஒரு வருடச் சேமிப்பு போச்சு!

இப்போது இன்ஜின் மறுபடி தயார். சீட்டுப் பணமும் கைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டு இன்ஜின் கம்ப்யூட்டர்களின் பட்டியலோடு, சந்துக்குள் இருக்கும் பட்டறையில் வந்து நின்றார்.

"ஏனுங்ண்ணா, இருக்கறதுலயே பெஸ்ட் எதுங்க? அதையே வாங்கிப் போட்டுடலாம்."

கையைத் துடைத்துக்கொண்டே பட்டறைக்காரர் சிரித்தார். "ஏங்கண்ணு, டெய்லர்கிட்ட போய் அளவே குடுக்காம, 'விலை கூடுன சட்டையா ஒண்ணு தைங்க'ன்னு சொல்லுவியா?"

ஓட்டை விழுந்தது ஏன்?

கார் கம்ப்யூட்டரை இ.சி.யூ என்பார்கள். அதற்குள் இருப்பது ஏறக்குறைய பெருக்கல் வாய்ப்பாடு போன்ற ஓர் அட்டவணை. இன்ஜின் இத்தனை வேகத்தில் சுற்றுகிறது, இத்தனை காற்று உள்ளே போகிறது என்றால், இவ்வளவு பெட்ரோல் கொடு, இந்த நொடியில் பிளக்கில் தீப்பொறி போடு என்பதுதான் அதன் வேலை. நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 9 மில்லி செகண்ட்கூட கிடையாது. அதற்குள் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று போதும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, 12.5 முதல் 13 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்று கூடுதலாகவே பெட்ரோல் வேண்டும். அதுதான் பலத்தையும் கொடுக்கும், சூட்டையும் அடக்கும். கேம்ஷாஃப்ட் மாறிய இன்ஜின் அதிகக் காற்றை இழுத்தது. பழைய கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் போதவில்லை. கம்ப்ரஷனும் கூடியிருந்ததால், தீப்பொறி பரவும் முன்பே ஓரத்தில் இருந்த கலவை தானாக வெடித்தது. இந்த 'நாக்கிங்'தான் பிஸ்டனைத் தின்றது.

ஊட்டி மலை சொன்ன பாடம்

"கார்புரேட்டர் காலத்துல ஊட்டிக்குப் போயிருக்கியா?" என்று கேட்டார் பட்டறைக்காரர். மேட்டுப்பாளையம் வரை மணியாக ஓடிய கார், குன்னூர் தாண்டியதும் கரும்புகை கக்கும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரோ சமவெளிக்கு அளந்த பெட்ரோலையே ஊற்றும்.

மாருதி 800-க்கும் 2000-ல் எம்.பி.எஃப்.ஐ வந்த பிறகு, காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைக்கும் வேலையை சென்சார் எடுத்துக்கொண்டது. ஆனால், இளைஞரின் காரில் அதிலும் ஒரு சிக்கல். பெரிய கேம்ஷாஃப்ட்டும் நான்கு த்ராட்டில் பாடிகளும் சேர்ந்தால், இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்த அழுத்தம் நிலையாக இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். சென்சார் சொல்வதை நம்ப முடியாது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்து பெட்ரோல் கொடுக்கும் கம்ப்யூட்டர்தான் இதற்குச் சரி. வெளிக்காற்றை அளக்கத் தனியாக ஒரு சென்சார் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்று வழி, நான்கு கேள்வி

வழிகள் மூன்று. பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணையை மட்டும் மாற்றி எழுதலாம். சின்ன மாற்றங்களுக்கு இது போதும், செலவும் குறைவு. இரண்டாவது, 'பிக்கிபேக்'. பழைய கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னலை நடுவில் பிடித்துத் திருத்தும் பெட்டி. மூன்றாவது, 'ஸ்டாண்ட்அலோன்'. பழையதைக் கழற்றிவிட்டு முழுப் பொறுப்பையும் புதிய பெட்டியிடம் கொடுப்பது. த்ராட்டில் பாடி வரை மாற்றிய இன்ஜினுக்கு மூன்றாவதுதான் பொருத்தம்.

ஸ்டாண்ட்அலோனில் எதை வாங்குவது? பட்டறைக்காரர் கேட்டது நான்கே கேள்விகள்.

"நாலு இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஃபேன், பெட்ரோல் பம்ப். இதுக்கு மேல உன்ற வண்டில என்ன இருக்குது? எட்டு சிலிண்டர் பொட்டி எதுக்கு?"

"கிராங்க் சுத்தறத அது எப்படி எண்ணும்?" 36 பல்லில் ஒன்றை நீக்கிய சக்கரத்தை கிராங்க் புல்லியில் மாட்டுவது வழக்கம். பல் இல்லாத இடத்தை வைத்துத்தான் இன்ஜினின் நிலையை கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும்.

"வைடுபேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரு சேருமா?" காற்றும் பெட்ரோலும் என்ன அளவில் எரிகின்றன என்று புகையைப் பார்த்துச் சொல்லும் கருவி அது. அது இல்லாத டியூனிங், உப்பு பார்க்காத சமையல்.

கடைசிக் கேள்விக்குத்தான் இளைஞரிடம் பதில் இல்லை. "நாளைக்கு வண்டி நின்னா, லேப்டாப்பை எடுத்துட்டு வந்து பாக்கறதுக்கு நம்மூர்ல ஆரு இருக்காங்க?"

பட்டியலில் முதலிடத்தில் இருந்த பெட்டியை உள்ளூரில் யாரும் தொட்டதில்லை. ஐந்தாவதாக இருந்த சாதாரணப் பெட்டியைப் பழகியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அதுவே முடிவானது. மிச்சமான பணம் நல்ல ஒயரிங்குக்கும், வைடுபேண்ட் சென்சாருக்கும், ஒரு நாள் டைனோவுக்கும் போனது. காரை உருளைமேல் ஓடவிட்டு, லேப்டாப்பில் அட்டவணையைக் கட்டம் கட்டமாக நிரப்பினார்கள். நாக்கிங் சத்தம் கேட்குமோ என்று ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீப்பொறி நேரத்தை ஒவ்வொரு டிகிரியாகவே நகர்த்தினார்கள்.

இப்படி மாற்றிய காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. அதனால் எஸ்டீம், டிரெய்லரில் ஏறித்தான் செட்டிபாளையம் வந்தது.

பத்து சுற்று முடிந்து பிட்டுக்குத் திரும்பியதும், லேப் டைமைக்கூடக் கேட்காமல் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார் பட்டறைக்காரர். முனை இளம்பழுப்பாக இருந்தது. வெளுக்கவும் இல்லை, கருக்கவும் இல்லை.

"இன்னும் ரெண்டு டிகிரி ஏத்திப் பாக்கலாமாங்ண்ணா?"

"இன்னைக்கு இது போதும். நல்லபடியா ஓடுது, வீட்டுக்குக் கொண்டுபோ கண்ணு."

எல்லாம் போக சீட்டுப் பணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. அந்த வாரமே இளைஞரின் வீட்டுக்கு, அம்மா கேட்டுக்கொண்டே இருந்த புது கிரைண்டர் வந்து இறங்கியது.