அம்மா ஏறினால் மட்டும் வரும் சத்தம்!

"நான் உட்கார்ந்தாதான்டா அந்தச் சத்தம் வருது. நீ கிளம்பு, நான் பஸ்சுல போய்க்கிறேன்."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இப்படிச் சொல்லிவிட்டு மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார் அம்மா. முழங்கால் வலிக்காக வேளச்சேரியில் பிசியோதெரபி. வாரத்துக்கு இரண்டு நாள் பைக்கில் அழைத்துப்போய் விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போவேன். "லேடீஸுக்குத்தான் டவுன் பஸ்சுல டிக்கெட் இல்லையே" என்று சிரித்தாலும், விஷயம் அதுவல்ல. தன் எடையால்தான் வண்டி கெட்டுப்போகிறது என்று நம்ப ஆரம்பித்திருந்தார்.

அது அப்பா விட்டுப்போன வண்டி. 150 சிசி, பத்து வயது தாண்டிவிட்டது. விற்கும் எண்ணம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

காட்டிய இடத்தில், "பின்னாடி ஷாக் ரெண்டையும் மாத்திடலாம் தம்பி, நாலாயிரம் ஆகும்" என்றார்கள். மாதக் கடைசி. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜர்னலிசம் டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லித்தருவார்கள்: என்ன, எங்கே, எப்போது, யார், ஏன், எப்படி. வண்டிச் சத்தத்துக்கு இதில் முக்கியமானது 'எப்போது'தான். 'என்ன சத்தம்' என்பதில் ஆரம்பித்தால் கடகட, லொடலொட, கர்ர் என்று மிமிக்ரிதான் செய்துகொண்டிருப்போம்.

ஞாயிறு காலை எங்கள் தெரு காலியாக இருக்கும். கொஞ்சம் வேகமெடுத்து, கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக உருளவிட்டேன். இன்ஜின் சத்தம் தணிந்த பிறகும் 'கர்ர்' தொடர்ந்தது. சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற அதுவும் மெதுவானது. ஆக, இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை; சக்கரம், செயின், பிரேக் பக்கம்தான் தேட வேண்டும்.

முதலில் ஷாக். சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிச் சட்டென்று விட்டேன். மேலே வந்து அமைதியாக நின்றுவிட்டது. ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று முறை ஆடியிருந்தால் உள்ளே ஆயில் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். ஷாக் கம்பியில் ஆயில் கசிந்து தூசி ஒட்டிய தடமும் இல்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக அசைத்தேன். 'டொக்' என்று ஆட்டம் கொடுத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையோ வீல் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். அதுவும் இல்லை. அமுக்கும்போது 'லொட' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சேலை கார்டின் கீழ் போல்ட் பாதி கழன்றிருந்தது! ஸ்பேனர் போட்டு முறுக்கினேன், அந்தச் சத்தம் முடிந்தது.

ஆனால் 'கர்ர்' அப்படியே இருந்தது.

அடுத்து செயின். ஒரு எச்சரிக்கை: இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி சிக்கினால் விரல் போய்விடும். சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். என் வண்டியின் புத்தகத்தில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் 15, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் இன்னோரிடத்தில் 8! செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. அதனால்தான் நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு செயின் லூசாகிக் கவரில் அடிக்கிறது என்று ஒரு கடையில் டைட் வைத்தேன். லூசான இடத்தை மட்டும் பார்த்து முறுக்கியிருக்கிறார்கள்.

"அம்மா, ஒரு நிமிஷம் வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அம்மாவும் நானும் ஏறினோம். குனிந்து செயினைத் தொட்ட அண்ணன், "வீணைக் கம்பி மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் கீழே தொங்கும்போது செயின் தளர்வாகத் தெரியும். ஆள் ஏறினால் ஷாக் அமுங்கி, ஸ்விங் ஆர்ம் மேலே வரும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் கூடி, செயின் விறைக்கும். அந்த மிச்சத்துக்காகத்தான் ஆட்டமே விடுகிறார்கள். நான் தனியாகப் போனால் சமாளித்த செயின், அம்மாவும் ஏறியதும் இறுகிப்போய் முனகியிருக்கிறது. இப்படியே ஓட்டினால் பேரிங் போகும், செயினே அறுந்தாலும் அறும். ஷாக் இரண்டையும் மாற்றியிருந்தால் நாலாயிரம் போயிருக்கும், சத்தம் போயிருக்காது.

பின் அச்சு நட்டை நான் தொடவில்லை. அதைச் சரியான இறுக்கத்தில் பூட்ட எனக்குக் கருவியும் இல்லை, துணிச்சலும் இல்லை. ஒரு மெக்கானிக்கிடம் அளவைச் சொல்லி, மிக இறுக்கமான இடத்தை வைத்து அட்ஜஸ்ட் செய்யச் சொன்னேன். ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடும் ஒரே அளவில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். அவர் பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுத்துக் காட்டினார். பாதிப் பல் வெளியே தெரிந்தது. "செட்டா மாத்திடுங்க, செயினை மட்டும் மாத்தாதீங்க" என்றார். அது அடுத்த சம்பளத்துக்கு.

வியாழக்கிழமை அம்மா தயங்கித் தயங்கித்தான் ஏறினார். பள்ளிக்கரணை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு வந்தோம். வேளச்சேரி சிக்னலில் அம்மா தோளைத் தட்டினார். "டேய், ஏதோ சத்தம் வருதுடா!"

ஓரமாக நிறுத்தி, பதற்றத்தோடு இறங்கிப் பார்த்தேன். அம்மாவின் பைக்குள், மூடி சரியாகப் போடாத எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.