கக்கத்துத் துண்டு

“துண்டைத் தலையில கெட்டுங்க. தலப்பா இல்லாம உள்ள போவப்பிடாது.”

சாமித்தோப்பில், அய்யாவழி மக்களின் கோயிலான தலைமைப்பதியின் வாசலில் ஒரு பெரியவர் சொன்னதும் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். எடுத்த கை தலைக்குப் போகவில்லை. துண்டை மடித்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. நான் நினைத்துச் செய்ததில்லை. ஐம்பத்தாறு வயதில், ஒரு பதியின் வாசலில், என் தாத்தாவின் கை என் தோளிலிருந்து நீள்வதைப் பார்த்தேன்.

தாத்தா தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் கூலிக்கு உழுதவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவரோடு கடைக்குப் போவேன். கடைத்தெருவில் துண்டு தோளில் கம்பீரமாகக் கிடக்கும். பெரிய வீட்டுக்காரர்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடி வந்ததும் செருப்பு காலை விட்டுக் கைக்கு வரும். துண்டு தோளை விட்டுக் கக்கத்துக்குப் போகும். முதுகு கொஞ்சம் வளையும். தெருவைத் தாண்டிய பிறகு மூன்றும் பழைய இடத்துக்குத் திரும்பும். திண்ணைகளில் ஒருவரும் இல்லாத நாளிலும் இப்படித்தான். ஒருநாள் கேட்டேன்: “ஆளே இல்லையே தாத்தா, எதுக்கு எடுக்கீங்க?”

“பழகிப்போச்சுய்யா” என்றார்.

அது எழுபதுகளின் பிற்பகுதி. தீண்டாமையை அரசியலமைப்பு ஒழித்துக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. அதைக் குற்றமாக்கிய சட்டமும் 1955இலேயே வந்துவிட்டது. எந்தச் சட்டமும் தாத்தாவைத் துண்டை இறக்கச் சொல்லவில்லை. அவரும் தைரியமில்லாதவர் அல்ல. வெள்ளத்தில் இறங்கி அடுத்தவர் மாட்டை இழுத்துக் கரை சேர்த்தவர். ஆனால் அந்தத் தெருவில் மட்டும் அவர் உடம்பு வேறு யாருக்கோ கட்டுப்பட்டிருந்தது.

நான் படித்தேன், அரசு வேலைக்கும் வந்தேன். மேலதிகாரியின் அறைக் கதவைத் தள்ளும்போதெல்லாம் வலது கை தானாகத் தோளுக்குப் போய்த் திரும்பும். பேன்ட் சட்டை போட்டவன் தோளில் துண்டு ஏது? ஒருமுறை ஓர் அதிகாரி என்னை நிற்கவைத்தே என் ஊரையும், ஊரில் எந்தத் தெரு என்பதையும் விசாரித்தார். வேலைக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், ஐயா போட்டுச் சொன்னேன். பத்தொன்பது வருடமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரைப் பற்றிப் படித்தபோது, அந்த மண்ணுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

நாகர்கோவிலில் டவுன் பஸ் ஏறினேன். பழையாற்றைத் தாண்டியதும் சுசீந்திரம். கோபுரம், தெப்பக்குளம், அகலமான தெருக்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்காக 1926இல் டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழைய 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி வரை, திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பஸ் அங்கே இரண்டு நிமிடம் நின்றது.

சுசீந்திரத்தைத் தாண்டினால் தென்னந்தோப்பும் வயலும் மாறி மாறி வருகின்றன. சாமித்தோப்பில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தெருக்குழாய். ஒரு பெண் பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, இடுப்பில் தூக்கி வைத்து, பக்கத்து வீட்டுக்காரியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே நடந்தார். குடத்தை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்று நின்று பார்த்தேன். ஏனென்றால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வட்டாரத்தில், அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள், குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும்.

அது ஒன்றுதான் என்றில்லை. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பிராமணருக்கு முப்பத்தாறு தப்படி தூரம் விலகி நிற்க வேண்டும். தலைக்கு வரி கட்ட வேண்டும். அரசாங்கம் கூப்பிட்டால் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட புலையர், சாம்பவர் நிலை இதைவிடக் கொடுமை. அவர்கள் அடிமைகளாகவே விற்கப்பட்டார்கள், வாங்கப்பட்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல்தான்.

இந்தத் தடைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது. நிலத்தைப் பிடுங்குவதும் கூலியைப் பிடுங்குவதும் மட்டும் மேல்சாதியாருக்குப் போதவில்லை. குடம் எங்கே இருக்க வேண்டும், துணி எதுவரை தொங்க வேண்டும், துண்டு எங்கே கிடக்க வேண்டும் என்று உடம்பின் ஒவ்வொரு அசைவையும் எழுதி வைத்தார்கள். ஒருவனை நாள் முழுக்கக் காவல் காக்க ஆள் வைக்க முடியாது. அவன் கையையே அவனுக்குக் காவலாக வைத்துவிட்டால் போதும். என் தாத்தாவுக்கு நடந்தது அதுதான்.

வைகுண்டர் பிறந்தது இந்த ஊரில். பொன்னு நாடார், வெயிலாள் தம்பதியின் பிள்ளை. பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்றும் சொல்வார்கள். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலுக்குள் நோயாளியாகப் போனவர் வைகுண்டராக வெளியே வந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. பிறகு இங்கே வந்து ஆறு ஆண்டுகள் தவம். வந்து கூடிய ஜனங்களிடம் அவர் செய்யச் சொன்னவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். ஒரே கிணற்றில் குளியுங்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். துணியைத் துவைத்து உடுத்துங்கள். இடுப்பில் கட்டிய துண்டை எடுத்துத் தலையில் கட்டுங்கள்.

அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. முத்திரிக் கிணறு என்கிறார்கள். பதிக்குள் போகிறவர்கள் அங்கே குளித்துவிட்டுத்தான் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வாளியில் எடுத்து என் தலையிலும் ஊற்றினார். வெயில் நேரத்திலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. என்னையும் யாரும் கேட்கவில்லை.

குளித்து வேட்டி மாற்றி வாசலுக்கு வந்தபோதுதான் அந்தப் பெரியவர் துண்டைக் கட்டச் சொன்னார். நான் கக்கத்தில் இடுக்கியதை அவர் கவனித்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எங்க இருந்து வாறீங்க?”

“திருநெல்வேலிப் பக்கம், பாட்டா.” குமரி மாவட்டத்தில் தாத்தாவைப் பாட்டா என்பார்கள்.

“கெட்டத் தெரியாதா மக்கா? இஞ்ச கொண்டா, நான் கெட்டித் தாறேன்.”

துண்டை வாங்கி உதறினார். நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்கு மடித்தார். நடுப்பாகத்தை என் பிடரியில் வைத்து, இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து நெற்றிக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி, இறுக்கிப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினார். சுருக்கமும் நடுக்கமும் விழுந்த கை. ஆனால் கட்டு இறுக்கமாக இருந்தது. கட்டி முடித்ததும் மோவாயில் இரண்டு விரலை வைத்து என் முகத்தைச் சற்றே நிமிர்த்தினார். “கீழ பாத்தா அவுந்துரும். நேரா பாரு.”

அவர் தலைப்பாகையைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உள்ளே சிலை இல்லை. பள்ளியறையில் விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி. கும்பிடப் போகிறவர் தன்னைத்தான் பார்க்கிறார். தலைப்பாகை கட்டி, நிமிர்ந்து நிற்கும் தன்னை. கடவுள் உன்னிடமே இருக்கிறார் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறு தப்படி தள்ளி நிற்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் முகத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிடுவதை அன்றுதான் பார்த்தேன். பணிவிடை செய்கிறவர் என் நெற்றியைத் தொட்டு, புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி வெள்ளை நாமத்தை இழுத்தார். தொட்டு நாமம் சாற்றுவது என்றே இதற்குப் பெயர். ஒரு மனிதனைத் தொடுவதே தீட்டு என்று இருந்த ஊரில், தொடுவதையே வழிபாடாக்கியிருக்கிறார்கள்.

அன்று வைகுண்டர் சொன்னதும் ஜனங்கள் செய்ததும் அரண்மனைக்கு எட்டாமல் இருந்திருக்குமா? திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பசித்த புலிக்கு முன்னால் விட்டுப் பார்த்தார்கள் என்றும், என் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று கேட்டபோது மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றைச் சொல்லும் மரபில் உண்டு. புலிக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என்னை அசைத்தது இரண்டாவது கதை. தன் சாதிக்கு மட்டும் நியாயம் கிடைத்தால் போதும் என்று இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கலாம். திரும்பி வந்த பிறகு கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவத்துக்கு அனுப்பினார் என்பது மரபு வழிக் கணக்கு. மூன்று வேளைக் குளியல், துவைத்த துணி, சைவ உணவு. அழுக்கர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் மாதக்கணக்கில் அலையடிக்கும் கரையில் இருந்து, நாங்கள் யார் என்று தங்களுக்குத் தாங்களே காட்டிக்கொண்டார்கள்.

பெண்களின் போராட்டம் இதற்கு முன்பே தொடங்கி, இதற்குப் பின்னும் நீண்டது. கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள். பிறகு மேலே தோள்சீலையும் போடத் தொடங்கினார்கள். மேல்சாதியார் அதைச் சந்தையில், நடுத்தெருவில் வைத்துக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் எரிந்தன. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை குப்பாயம் போதும், தோள்சீலை கூடாது என்றது. பெண்கள் நிறுத்தவில்லை. 1858 கடைசியில் கலவரம் மறுபடி மூண்டது. சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது.

இந்த வெற்றிக்கு மிஷனரிகள் காரணமா, வைகுண்டர் காரணமா, ஆங்கிலேயர் காரணமா என்று வாதாடுகிறவர்களை நாகர்கோவிலில் இன்றும் பார்க்கலாம். எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. முந்தின வாரம் சந்தையில் துணி கிழிக்கப்பட்ட ஒரு பெண், அடுத்த வாரம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மறுபடியும் துணியை எடுத்துப் போட்டுக்கொண்ட அந்த ஒரு நொடி. அப்போது அவள் பக்கத்தில் கவர்னரும் இல்லை, பாதிரியாரும் இல்லை, அரசாணையும் இல்லை. அவள் பெயரை எழுதி வைக்கவும் யாரும் இல்லை. ஆணை வந்த பிறகு போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வருவதற்கு முன்னால் போட்டவர்களால்தான் ஆணையே வந்தது.

சாமித்தோப்பில் தலைப்பாகை கட்டியவர்களும் அப்படித்தான். அவர்கள் துண்டு தலைக்குப் போனபோது 1859 வர இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. 1936 வர நூறு ஆண்டு இருந்தது. காத்திருந்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். பதியின் சுற்றுக்குள் கட்டிப் பழகினார்கள். பழகிய தலையோடு வெளியே நடந்தார்கள். தாத்தா சொன்ன அதே சொல்தான், பழக்கம். பயம் பழக்கத்தால்தான் உடம்பில் ஏறுகிறது. தைரியமும் அதே வழியில்தான் ஏறுகிறது என்று எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போயிற்று.

மதியம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். புறப்படும்போது பாட்டாவைத் தேடிப் போய்க் கும்பிட்டேன். “அய்யா உண்டு” என்றார். நானும் சொன்னேன். என் தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்து, “இப்பம் நீயே கெட்டு” என்றார். மூன்றாவது தடவையில் நின்றது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நாமம் நெற்றியில் காய்ந்து இழுத்தது. சுசீந்திரத்தில் பஸ் நின்றது. வெளியே பழக்கடை, பூக்கடை, தேர் ஓடும் தெரு. தலைப்பாகை தலையிலேயே இருந்தது. தாத்தா இறந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது.

நீங்கள் சாமித்தோப்புக்குப் போகிறதாக இருந்தால் மாசி 20 அய்யா பிறந்தநாளில் பெருங்கூட்டம் இருக்கும். ஊரைப் பார்க்க ஒரு சாதாரண நாளில் போங்கள். வேட்டியும் ஒரு துண்டும் கொண்டுபோங்கள். கட்டத் தெரியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். அங்கே யாராவது கட்டிவிடுவார்கள்.