வேண்டாத ‘இருக்கிறது’

தில்லியில் ஆங்கில பி.ஏ. படித்த மூன்று வருஷமும் சாயங்காலங்களில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனேன். கடைசி வருஷம் போர்த்துக்கீஸும் சேர்ந்துகொண்டது. உத்தியோகத்துக்கு உதவும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். உதவவில்லை. என் வங்கிக் கவுன்டருக்கு இதுவரை ஒரு ஸ்பானியன் வந்ததில்லை. நெரூதாவையும் போர்ஹேஸையும் ஆங்கிலத்தின் தயவில்லாமல் படித்துவிட வேண்டும் என்பதுதான் உள்ளூர இருந்த ஆசை. கொஞ்சம் ஜம்பமும் உண்டு.

ஆங்கிலத்தின் ‘இஸ்’ செய்கிற வேலையை ஸ்பானிஷில் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒருவன் இன்னான் என்பதற்கு ஸேர். எங்கே, எந்த நிலையில் என்பதற்கு எஸ்தார். வகுப்பில் எல்லோரும் இதில் மாதக்கணக்கில் வழுக்கினோம். ஒருநாள் பஸ்ஸில் தோன்றிற்று: ‘அவன் குமாஸ்தா’ என்று சொல்லத் தமிழில் வினையே வேண்டாம், ‘அவன் வங்கியில்’ என்றால் ‘இருக்கிறான்’ வந்தாக வேண்டும். ஸேர் வருகிற இடத்தில் தமிழ் பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. முழுக்கப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். செத்தவனுக்கும் ஸ்பானிஷ்காரன் எஸ்தார்தான் போடுகிறான். நாம் ‘செத்துக் கிடக்கிறான்’ என்கிறோம். கிடப்பதும் ஒருவகை இருப்பதுதானே.

போர்த்துக்கீஸ் வகுப்பின் முதல் நாள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியவை: ஜனெலா, மேஸா, ஷாவே. பக்கத்துப் பையன் அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தான். ஜன்னல், மேஜை, சாவி. எனக்கு எழுத ஒன்றுமில்லை. 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’வில் தமிழ் ரோமன் எழுத்தில், போர்த்துக்கீஸோடு சேர்ந்து நிற்கிறது. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வந்தது. நோக்கம் மதம் பரப்புவது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆங்கிலம் நடுவில் வந்து உட்காருவதற்கு முன்பே இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கின்றன.

இதெல்லாம் தெரிந்தவன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபின் ஆறு ஸ்பானிஷ் கவிதைகளை மொழிபெயர்த்தேன். கவுன்டரை மூடிவிட்டு வந்த அலுப்பில், அகராதியைப் புரட்டச் சோம்பி, ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு. ஒரு சிற்றேட்டில் வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். போன வருஷம் மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ‘இருக்கிறது’, ‘இருக்கிறேன்’. மூலத்தில் தன் சுபாவத்தைச் சொல்கிறவன் என் தமிழில் அன்று சாயங்காலம் மட்டும் துக்கமாக இருக்கிறான். ஸ்பானிஷும் தமிழும் பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலத்தை நடுவில் விட்டு நானே குழப்பியிருக்கிறேன். நம்முடைய மொழிபெயர்ப்புக் கவிதைகளில் இந்த ‘இருக்கிறது’ எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க மற்றவர்கள் பக்கம் போகவில்லை. என் ஆறே போதும்.

இரண்டைத் திருத்தி எழுதினேன். ஒன்று பாதியாகச் சுருங்கிவிட்டது. முன்பு பாராட்டிய நண்பரிடமே காட்டினேன். பழையதுதான் கவிதையாக இருக்கிறது என்றார்.