பயறுப் பை

உச்சி வெயிலில் சிறகை அகல விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை. நண்பர் அனுப்பிய அந்தப் படத்தை எடுத்தவர், ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தண்டலத்து இளைஞர். நைட் ஷிப்ட் முடித்துக் கொஞ்சம் தூங்கி எழுந்தவரின் பைக்கில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாக வேடந்தாங்கல் போனேன்.

அந்தி நெருங்க நெருங்கத்தான் இரை தேடிப்போன பறவைகள் ஏரிக்குத் திரும்பும். பார்வைக் கோபுரத்தில் ஏறியதும் அவர் முதலில் எடுத்தது கேமராவை அல்ல, ஒரு பையை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி அவருடைய அம்மா தைத்தது, உள்ளே பச்சைப்பயறு. கைப்பிடிமேல் வைத்து, நடுவில் முஷ்டியால் குழி அமுக்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய நீள லென்ஸை அதில் கிடத்தினார். அசையவில்லை. ஆப்பிரிக்க சஃபாரி ஜீப்புகளிலும் இதே உத்திதான். மசாய் மாராவில் விலங்குகள் பக்கத்தில் இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கக் கூடாது, உள்ளே ட்ரைபாடு விரிக்க இடமிருக்காது. வெறும் பையோடு விமானம் ஏறி, அங்கே போய்ப் பயறோ அரிசியோ வாங்கி நிரப்பிக்கொள்கிறார்கள்.

"கொக்கு வெள்ளை, பின்னாடி மரம் இருட்டு. கேமரா இஷ்டத்துக்கு விட்டா இறகே தெரியாதுண்ணா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும்" என்று வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்தார். அதன்பின் பார்வையெல்லாம் பறவைமேல்தான். கிளம்பப்போகும் நாரை எச்சமிடும், கழுத்தை நீட்டி முன்னால் சாயும். அந்தச் சாய்விலேயே விரல் அழுத்திவிடுகிறது.

நம் மா. கிருஷ்ணனின் (1912–1996) வித்தையும் இதுதான். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, காடுகளில் நடந்தும் யானைமேல் அமர்ந்தும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். விலங்கின் சுபாவம் தெரிந்த கை அது.

இன்று அந்த அறிவுக்கான விலை யாருக்குப் போகிறது? மாராவுக்கு அழைத்துப்போகும் புகைப்படச் சுற்றுலாக்காரர்கள் ஆளுக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். சிறுத்தை எந்தப் பக்கம் நடக்கும் என்று கணித்து, வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி வண்டியை நிறுத்துபவர் உள்ளூர் ஓட்டுநர். படத்தின் கீழே அவர் பெயர் வருவதே அபூர்வம். வேடந்தாங்கலிலும் அதே அநியாயம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 2022-இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இந்த ஏரி இடம்பெற்றதற்கு வேர் அவர்களுடைய காவல். படம் விற்ற காசில் ஒரு பைசா அவர்களுக்கு வருகிறதா?

இந்த இளைஞர் தன் படங்களின் ஓரத்தில், கூட்டைக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரரின் பெயரையும் சேர்த்து எழுதுகிறார். காலண்டருக்குப் படம் கேட்டு வந்த தரகர் ஒருவர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாராம். இவர் படத்தைக் கொடுக்கவில்லை.