சாடியில் ஒரு கறிவேப்பிலை

மயிலிட்டியின் கிணற்றடிகளிலே கறிவேப்பிலை எவர் கவனிப்பையும் வேண்டாது தழைக்கும். 1990 யூனில் அவ்வூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் ஒருவரான மூதாட்டி, இன்று ரொறன்ரோவில் அம்மரத்தைச் சாடியிலே வளர்த்து வருகின்றார்.

இலையுதிர்காலத்தில் இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசை நெருங்கியதும், உறைபனிக்கு முன்னரே சாடி வீட்டினுள் வருகின்றது. இலைகளின் அடிப்புறத்தில் செதிற்பூச்சி உண்டோவெனப் பார்த்துக் கழுவுகின்றார். தெற்கு யன்னலருகே வைக்கின்றார். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுகின்றார். எனினும் தை மாதத்தில் இலைகள் யாவும் உதிர்ந்துவிடுகின்றன.

முதலாண்டில், செடி பட்டுவிட்டதென்றெண்ணி எறிந்துவிட்டார். அடுத்த செடியின் தண்டை நகத்தாற் கீறியபோது உள்ளே பச்சை தெரிந்தது. அது சாகவில்லை, ஒளியும் வெம்மையும் குன்றியமையால் உறங்கியது. அவ்வேளை இரக்கப்பட்டு நீரைப் பெருக்கினால் வேர் அழுகும். பொறுத்திருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும்.

2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டது. ஊரைப் பார்த்துவரப் பிள்ளைகள் அழைத்தபோது, சாடியை யாரிடம் ஒப்படைப்பது என்றே மூதாட்டி முதலில் வினவினார். ஊரை நீங்கிய நாளில் எதனையும் எவரிடமும் ஒப்படைக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.